மூன்றாவது குறுக்குத் தெருவில் ஒரே வீடு

புதிதாக ஒருவரைப் பார்த்தால் எந்த ஊர் என்று கேட்போம். அக்கா அதோடு நிறுத்தமாட்டாள். "எந்த ஊரு? சரி, அங்க எத்தினி பேரு?" என்பாள். இரும்பு ஏற்றிக்கொண்டு வந்த பஞ்சாபி டிரைவரிடமும் கேட்பாள், பாய்லரைச் சோதிக்க வந்த அதிகாரியிடமும் கேட்பாள். வந்தவர் முழிப்பார். தன் ஊரில் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? நம் வீட்டில் எத்தனை பேர் என்பதே சில நாள் சந்தேகமாகிவிடுகிறது.

சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கம்பி உருட்டும் ஒரு கம்பெனி. கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, அதில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே வருகை அட்டை அடிக்கும் மெஷின். அதுதான் டைம் ஆபீஸ். ஜன்னலுக்கு உள்ளே அக்கா. எனக்கு டெஸ்பாட்சில் வேலை, ஆரம்பாக்கத்திலிருந்து காலை ரயிலில் வருவேன். அவளை எல்லோரும் டைம் ஆபீஸ் அக்கா என்றார்கள். எனக்கு வெறும் அக்கா. இப்போது எனக்கு அன்றைய அவளுடைய வயசுக்கு மேல் ஆகிறது. இன்னமும் அக்காதான்.

லோடிங் ஆள் ஒருவன் ஒருநாள் தன் அட்டையை அடித்துவிட்டு, மச்சானுடையதையும் எடுத்து அடித்தான். மெஷின் இரண்டாவது முறை டக்கென்றதுமே அக்கா தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"இன்னொருத்தன் எங்க?"

"வந்துகினே கீறான்க்கா. டீக்கடையாண்ட."

"வரட்டும். அவன் கையால அடிக்கட்டும்."

"ஒரு நாளுதானேக்கா, ஏன் பேஜாரு பண்ற? அவன் பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்ல. ஊட்ல கீறான்."

"ஊட்ல இருந்தா ஊட்ல கீறான். இங்க இருந்தா இங்க கீறான். ரெண்டு எடத்துல இருக்கறதுக்கு அவன் இன்னா சாமியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் முகம் தொங்கிப்போனது. அக்கா அந்த அட்டையில் குறுக்கே கோடு இழுத்தாள். பிறகு எழுந்து தானே மேனேஜர் அறைக்குப் போய், அந்த மச்சானுக்கு லீவு வாங்கிக்கொண்டு வந்தாள். மத்தியானம் என்னிடம் சொன்னாள்: "இல்லாதவன இல்லன்னு சொல்றதுல தப்பில்லடி. இல்லாதவன இங்க இருக்கான்னு நம்ம எழுதிட்டா, அவன் நெசமா இருக்கற எடத்துல அவன் இல்லாமப் பூட்றான். அந்தப் பொண்டாட்டி பக்கத்துல யாரு இருக்கான்னு எழுதறது?"

அவள் அப்படித்தான். ஒரு உடம்பு, ஒரு இடம், ஒரு எண்ணிக்கை.

இரண்டாயிரத்து ஒன்றில் மக்கள்தொகைக் கணக்கு பேப்பரில் வந்தபோது அக்காவுக்குப் பண்டிகை. சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிய புங்க மரத்தடியில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு, சாப்பிடாமல், பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரிய நகரங்களின் பட்டியல். எங்களுக்கு அவை எழுத்தும் எண்ணும். அவளுக்கு அது ஒரு கூட்டுக் குடும்பம்.

"கல்கத்தா மூத்தவ. எத்தினியோ கணக்கெடுப்பு வரைக்கும் சாவிக்கொத்து அவ இடுப்புலதான். பம்பாய் பின்னாடியே வந்து புடுங்கிகினா. டில்லி இருக்கா பாரு, அவ அந்த வரிசையிலேயே இல்ல. நாடு ரெண்டாப் பிரிஞ்சப்ப ஜனம் வந்து எறங்குச்சே, அன்னிலேர்ந்து புடிச்சா ஏத்தம். நம்ம மெட்ராஸ் மூணாவதா நின்னுகினு இருந்தவ. அவள ஒதுக்கிட்டு முன்னாடி வந்து நின்னுட்டா."

"இப்ப நம்மாளு எங்கக்கா?"

"நிக்கறா. ஆனா பெங்களூரு மூச்சு விடறது கழுத்துல படுது."

பேக்கிங்கில் வேலை செய்த ஒருத்தி வாயில் சோற்றோடு கேட்டாள், "உனுக்கு இன்னாக்கா அதுல? நாத்தனார் சண்ட மாதிரி பேசற?"

அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு நம்பர் தெரியறதில்லடி. ஒருத்தி தெரியறா. டிரங்குப் பெட்டிய வெச்சிகினு சென்ட்ரல்ல எறங்கி நிக்கறா. எந்தப் பக்கம் போறதுன்னு அவளுக்குத் தெரியல. பத்து வருசம் கழிச்சி நம்பர் ஏறியிருந்திச்சின்னா, அவ எங்கயோ ஒரு ஊட்ல போய்ச் சேந்துட்டான்னு அர்த்தம்."

அப்புறம் டப்பாவை மூடிவிட்டாள். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

சென்னைக்கு உள்ளே ஜனம் அதிகம் கூடவில்லை என்று அந்தப் பேப்பர் சொன்னது. வேறு யாராவது என்றால் வருத்தப்பட்டிருப்பார்கள். அக்காவுக்கு அது நல்ல சேதி. "உள்ள எடமில்ல. அப்ப வெளியதான் வரணும். எங்க வரும் சொல்லு? பம்பாய் எப்பிடி வளந்தா? ரயிலு போன பக்கமாவே வளந்தா. இங்க ரயிலு கீது. கல்கத்தா ரோடு கீது, அதயும் அகலப்படுத்தறான். இத்தினி கம்பெனி கீது. மெட்ராசு நம்ம ஊட்டாண்ட வந்துதான் ஆவணும்."

நியாயமான கணக்கு. அதை நம்பித்தான் அவள் வீடு கட்டியிருந்தாள்.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே, வயலை மனைகளாகப் பிரித்த ஒரு லே-அவுட். வாசலில் வளைவு. உள்ளே செம்மண் தெருக்கள், வரிசை வரிசையாக மனைக்கல். 'பூங்காவிற்காக ஒதுக்கப்பட்ட இடம்' என்று ஒரு பலகை, அதன் காலில் கட்டிய ஆடு. கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரே ஒரு வீடு. அக்கா வீடு. விலாசம் மட்டும் ஜம்மென்று இருக்கும்: மூன்றாவது குறுக்குத் தெரு. முதலாவதிலும் இரண்டாவதிலும் காற்றுதான் குடியிருந்தது.

வீட்டைக் கட்டியவள் அக்கா. வரமாட்டேன் என்றவர் அவள் புருஷன். அவர் கிண்டியில் ஒரு அச்சகத்தில் இருந்தார். அதற்கும் தெற்கே, மேடவாக்கத்தில் அவருடைய அம்மா வீடு. அப்போது அங்கேயும் ஏரியும் வயலும்தான். அங்கேயே பின்பக்கம் இரண்டு அறை எடுத்துக் கட்டலாம் என்று அவர் சொல்ல, ஊர் வடக்கேதான் வரும் என்று இவள் சொல்ல, கடைசியில் ஒரு ஒப்பந்தம். பக்கத்தில் ஒரு வீடு வரட்டும், தெருவில் ஒரு விளக்கு எரியட்டும், மகளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். அதுவரை பாப்பா பாட்டி வீட்டில் படிக்கட்டும்.

அக்காவுக்கு வேண்டியது அவ்வளவுதான். மகள் அந்த வீட்டில் வளர வேண்டும். அதற்கு நகரம் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் வருவார்கள். பஸ், பிறகு ரயில், கவரைப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோ. பாப்பா வந்ததும் களைத்துத் தூங்கிவிடும். எழுந்தால் கிளம்பும் நேரம். அவர்கள் வராத ஞாயிறுகளில் நான் போவேன். அந்த வீட்டின் அமைதி எனக்குப் பழகவே இல்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் போகும் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டே இருக்கும். நாடே எங்கேயோ போய்க்கொண்டிருப்பதைப் போல. ஒன்றும் நிற்காது. சாலையை அகலமாக்கிய பிறகு லாரிகள் இன்னும் வேகமாகப் போயின.

அக்கா முழங்கால் வரை புடவையைச் செருகிக்கொண்டு பக்கத்து மனைகளில் வேலிக்காத்தான் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டிருப்பாள். உடம்பெல்லாம் முள் கீறல்.

"இது உன் மனையா? ஏன்க்கா இப்பிடி?"

"வுட்டா கல்லு மூடிடும். அப்பால அவங்க வந்து தேடினா எங்கன்னு காட்டறது?"

அவர்கள் என்றால் யார்? அவளுக்கும் தெரியாது. எப்போதாவது ஒரு கார் வரும். வெள்ளைச் சட்டைக்காரர் இறங்கி, மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, தன் கல்லைத் தேடுவார். அக்கா சொம்பில் மோரோடு ஓடுவாள்.

"வாங்க சார், வாங்க. இதான் உங்க மனை. நல்லா கீது பாருங்க, ஒரு முள்ளு இல்ல. எப்ப ஊடு கட்டப் போறீங்க?"

"கட்டறதா? இது சும்மா ஒரு இன்வெஸ்ட்மென்ட்மா."

"இருக்கட்டும் சார். கட்டும்போது இந்தப் பக்கம் வாசல் வெச்சிக்கோங்க. நம்ம ரெண்டு ஊடும் எதிரும் புதிருமா இருக்கும். உங்க ஊட்ல எத்தினி பேரு?"

அவர் மோரைக் குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டுக் காருக்குப் போவார். அக்கா அந்தக் காரின் புழுதி அடங்கும் வரை நின்றிருப்பாள். உள்ளே வந்து, "நாலு பேராம்டி" என்பாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் பக்கத்தில்தான் நின்றேன். "கார்ல நாலு பேரு ஒக்காரலாமே" என்பாள் பிறகு, எங்கேயோ பார்த்துக்கொண்டு.

நகரம் கிளம்பியது. அது நிஜம். ஆனால் தெற்கே போனது.

அதை அவளுக்குச் சொன்னவர் புருஷன்தான். வாராவாரம், மனுஷன் குத்திக்காட்டுவதற்காக அல்ல, ஆச்சரியத்தில். "கம்ப்யூட்டர் கம்பெனியா கட்றான். எங்கம்மா ஊட்டு மொட்டமாடியிலேர்ந்து ஏரி தெரியும் இல்ல? இப்ப தெரியல. பில்டிங்கு." பாப்பா கணக்குக்கு டியூஷன், இந்திக்கு டியூஷன். ஞாயிறுகளில்தான் வகுப்பு. வாராவாரம் என்பது மாசாமாசம் ஆனது. பிறகு பண்டிகைக்கு மட்டும். அக்கா தானே கிளம்பி அங்கே போய்விட்டு வருவாள். போய்விட்டு வந்த திங்கட்கிழமை எதுவும் பேசமாட்டாள். அட்டை மெஷின் டக் டக்கென்று பேசிக்கொண்டிருக்கும்.

"நீயும் அங்க பூடேன்க்கா," என்று ஒருதரம் சொல்லிப்பார்த்தேன்.

"இந்த ஊட்ட?"

"பூட்டு."

"பூட்டின ஊட்டுல ஆள் இல்லன்னு ஒரு கோடு போட்டுட்டுப் பூடுவாங்க. அப்பால இந்தத் தெருவுல யாருமே இல்லன்னு ஆயிடும்." சற்றுப் பொறுத்து, "நானும் கெளம்பிட்டா, அப்பறம் வர்றவங்க எத பாத்துகினு வருவாங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. யாருக்காக இந்தக் காவல்? வராத ஊருக்கா? ஆனால் அவள் முகத்தைப் பார்த்தால் கேட்க முடியாது. ரயில் தாமதம் என்று அறிவித்த பிறகும் பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போய்ப் போய் எட்டிப் பார்க்கிறவர்கள் இருப்பார்களே, அந்த முகம்.

பிறகு ஒருநாள் பக்கத்தில் வெளிச்சம் வந்தது.

ஒரு காண்டிராக்டர் எதிர் வரிசையில் மனைகளைச் சேர்த்து வாங்கித் தகர ஷெட் போட்டார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பையன்கள் வந்து இறங்கினார்கள். டிரங்குப் பெட்டி இல்லை, தோள்பை. ஷிப்ட் போட்டுத் தூங்கினார்கள், ஒருவன் எழுந்த பாயில் இன்னொருவன். காண்டிராக்டர் யாரையோ பிடித்துக் கம்பம் நட்டு, தெருவுக்கு ஒரு விளக்கும் வாங்கிவிட்டார். அக்கா அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே வாசலில் நின்று அந்த விளக்கு எரிவதைப் பார்த்தாளாம். மறுநாள் டைம் ஆபீசில் எல்லோருக்கும் மிட்டாய்.

அவளுக்கு இந்தி வராது. அதற்காகக் கேட்காமல் இருப்பாளா? தண்ணீர் பிடிக்க வந்த பையனை நிறுத்தி, "தும்ஹாரா காவ்... கித்னா ஆத்மி?" என்றாள். அவன் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருந்த ஷெட்டைக் காட்டி ஏதோ சொன்னான். கூட இருந்த, தமிழ் கொஞ்சம் பழகிய இன்னொருவன் விளக்கினான்: "ஊர்ல ஆள் இல்ல அக்கா. எல்லாம் இங்க."

அவள் இதை எனக்குச் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

பொங்கலுக்குப் புருஷனும் பாப்பாவும் வந்தார்கள். பாப்பா வளர்ந்து, அம்மாவின் தோளைத் தொட்டிருந்தாள். அக்கா அவரை வாசலிலேயே நிறுத்தி எதிரே காட்டினாள்.

"பக்கத்துல ஊடு வந்தா வர்றேன்னியே. வந்துடிச்சி பாரு. தோ, லைட்டு."

அவர் ஷெட்டைப் பார்த்தார். கொடியில் வரிசையாகப் பேண்ட்டுகள். உள்ளே போஜ்புரிப் பாட்டு.

"ஊடா இது? இத்தினி ஆம்பளைங்க மத்தியில வயசுப் பொண்ண வெச்சிகினு..."

"அவங்க ஒண்ணும் புலி இல்ல. கண்ணத் தூக்கிப் பாக்காத பசங்க."

"நான் அவங்கள ஒண்ணும் சொல்லல. நான் பாக்கறது எம்பொண்ண." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் அக்காவை உடைத்திருக்க வேண்டும். "உன் கணக்கு ஜெயிச்சிருந்தா நான் வந்திருப்பேன்மா. நெசமா வந்திருப்பேன். நீ இன்னும் எத்தினி வருசம் ஒத்தையா..."

பாப்பா செருப்பைக் கழற்றாமல் கேட்டிலேயே நின்றிருந்தாள். "அம்மா, இங்க டவரே கெடைக்கல," என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்னது.

அடுத்த மாசம் கணக்கெடுப்பு. பத்து வருஷம் ஓடியிருந்தது.

அன்று ஞாயிறு, நான் அங்கே இருந்தேன். தோளில் பையும் வெயிலில் கறுத்த முகமுமாக ஒரு டீச்சர் வந்தார். முதலில் ஷெட்டுக்குப் போனார். வாட்ச்மேன் கைவிரித்தான். "யாரும் இல்லமா, எல்லாம் ஊருக்குப் போய்ட்டானுங்க." எண்ணினால் வரி வருமோ கேஸ் வருமோ என்று காண்டிராக்டர் சொல்லிவைத்திருப்பார். டீச்சர் நகரப் பார்த்தார். அக்கா செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்தாள்.

"யாருமே இல்லியா? அப்ப உள்ள கொறட்ட வுடறது யாரு, உன் காண்டிராக்டரா?"

கதவைத் தள்ளினாள். நைட் ஷிப்ட் பையன்களை ஒவ்வொருவராகத் தட்டி எழுப்பினாள். "உட்டோ, உட்டோ. நாம் போலோ." தூக்கக் கலக்கத்தில் அவர்கள் பெயர் சொன்னார்கள், அப்பா பெயர் சொன்னார்கள். பெயர் எழுதப்படும்போது ஒருவன் மட்டும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து மறுபடி நின்றான். டூட்டிக்குப் போனவர்களின் பெயரையும் கூட இருந்தவர்களைச் சொல்லவைத்தாள். டீச்சர் முடிக்கும் வரை அக்கா அந்தத் தகரக் கதவு மூடிக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டே நின்றாள்.

பிறகு எங்கள் பக்கம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து டீச்சர் மூச்சு வாங்கினார்.

"டீச்சர், நாங்கல்லாம் மெட்ராஸ் கணக்குல வருவமா?"

"இல்லமா. இது பஞ்சாயத்து. கிராமத்துல வரும்."

"மேடவாக்கம்?"

"அதெல்லாம் இப்ப டவுனு மாதிரிதான். மெட்ராசோட சேத்திதான் சொல்வாங்க. ஏன்மா?"

"சும்மா கேட்டேன்."

"உங்க வீட்ல எத்தினி பேர்? எப்பவும் இங்க தங்கறவங்க மட்டும் சொல்லுங்க."

அக்கா உள்ளே போய்ப் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். "ஒரு நிமிசம் டீச்சர். நான் இங்க வுட்டு, அவங்களும் அங்க வுட்டுட்டா, பாப்பா எங்கயுமே இல்லாமப் பூடுவா." பழைய போன், ஊருக்கே கேட்கும்.

"அங்க வந்துட்டாங்களா எண்ணறதுக்கு?"

"நேத்தே வந்தாங்க," என்றார் புருஷன்.

"பாப்பா பேரு சொன்னியா? உன் பேரு?"

"சொன்னேன். உன்னயும் சேத்துதான் சொன்னேன்."

"என்னியா? நான் எங்க அங்க இருக்கேன்?"

"அந்தம்மா கேட்டாங்க, எத்தினி பேருன்னு. நான் யோசிச்சிகினு நிக்கறேன். பாப்பா உள்ளேர்ந்து, பாட்டியோட சேத்து நாலுன்னா. உன் பேருக்கு ஸ்பெல்லிங்கு அவதான் சொன்னா. வயசு, படிப்பு எல்லாம் அவதான்." பிறகு அவரே சொன்னார்: "தப்புன்னா சொல்லு. அந்தம்மா பக்கத்துத் தெருவுலதான் கீறாங்க. அடிக்கச் சொல்லிட்றேன்."

அக்கா போனைக் காதில் வைத்தபடி நின்றாள். டீச்சர் பேனாவின் மூடியைக் கழற்றிவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு வார்த்தை போதும். அங்கே அடிக்கச் சொல்லலாம். அல்லது இங்கே, இது பூட்டின வீடு டீச்சர், நான் ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறவள் என்று சொல்லலாம். இரண்டில் ஒன்று. அந்த ஜன்னலுக்குள் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தவளுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இருக்கட்டும். அடிக்காத," என்று போனில் சொன்னாள். வைத்தாள். டீச்சர் பக்கம் திரும்பினாள்.

"ஒண்ணு."

"பேரு?"

சொன்னாள். வயசு சொன்னாள், படிப்பு சொன்னாள். எழுத்துக்கூட்டி, நிதானமாக, டீச்சர் எழுதுவதற்கு நேரம் விட்டு.

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாடி மொறச்சிகினு? டீச்சருக்கு டீ போடு."

கணக்கு வெளியானபோது நான்தான் பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெங்களூர் முந்திவிட்டது. அக்கா அந்தப் பட்டியலைத் தேடவில்லை. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்த நாட்டின் மொத்தத் தொகையை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்று கூடிப்போன அந்தக் கடைசி எண்ணில் விரல் நின்றது. எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே ஷிப்டுக்கு வந்த ஆட்கள், அட்டையும் கையுமாக, அவள் நிமிர்ந்து பார்க்கட்டும் என்று காத்து நின்றார்கள்.